சாவியைக் கொடுக்கலாம், ஊர் சுற்றுவதை விடக் கூடாது

போன மாதம் பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். நலம் விசாரித்தான். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டான். ஊரில் மழை உண்டா என்றான். என்ன இவன் இவ்வளவு சுற்றி வளைக்கிறானே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"அப்பா, காரை வித்துடுங்கப்பா. இனிமே நீங்க ஓட்ட வேணாம்."

எனக்கு வயது 71. இத்தனை வருடத்தில் என்னை யாரும் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொன்னதில்லை. கோபம் வந்தது. இரண்டு நாள் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் தோட்டத்தில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். அவன் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு என்று பட்டது. எது சரி, எது தப்பு என்று பிரித்துச் சொல்லத்தான் இன்று எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் இருக்கும் வீடுகளில் எல்லாம் இந்தப் பேச்சு ஒருநாள் வரத்தான் போகிறது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே வந்திருக்கலாம்.

முதலில் எங்கள் வியாழக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் நில அளவராக 34 வருடம் வேலை பார்த்தவன். திண்டிவனம், செஞ்சி, வானூர் பக்கத்தில் நான் சங்கிலி பிடிக்காத ஊர் குறைவு. எந்த ஊர் எல்லையில் எந்தக் கல் நிற்கிறது, எந்தக் கல்லை யார் பிடுங்கிப் போட்டார்கள் என்பதெல்லாம் அன்று மனப்பாடம். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த ஊர்களை நான் பார்த்ததே இல்லை. அளக்கப் போனவன் அளந்தேன். பங்காளிச் சண்டையைக் கேட்டேன். மோர் கொடுத்தால் குடித்துவிட்டுத் திரும்பினேன். கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போகாமல் வந்த நாட்கள் எத்தனையோ.

ஓய்வு பெற்ற மறுவருடம் என் மனைவிதான் ஆரம்பித்து வைத்தாள். "ஊரு ஊரா சுத்தினீங்களே, என்னைய ஒரு எடத்துக்காவது கூட்டிட்டுப் போனீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை காலை டிபன் முடித்துக் கிளம்பினோம். அன்றிலிருந்து இன்றுவரை உடம்புக்கு முடியாத நாட்களும் கொரோனா காலமும் தவிர, வியாழக்கிழமை என்றால் எங்களுக்கு வெளியே போகும் நாள்.

தூரம் போவதில்லை. ஓமந்தூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடம்தான். பொழுது சாய்வதற்குள் வீடு. பெட்ரோல், டீ, கோயில் உண்டியல், சாலையோரத்தில் அவித்த மல்லாட்டை எல்லாம் சேர்த்தாலும் ஐந்நூறு ரூபாயைத் தாண்டாது. மாதம் ஒருமுறை டாக்டரிடம் கொடுப்பதைவிடக் குறைவு.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். திருவக்கரை இருக்கிறது. வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கூட்டம் அலைமோதும். அதே ஊரில், கொஞ்ச தூரத்தில், கல்லாகிப்போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்தையவை என்கிறார்கள். 1781-லேயே சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அங்கே கிடப்பவற்றில் புளிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டாம். திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்ற பொருளில் வந்தது என்பார்கள். புளிக்கும் நம் மண்ணுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிடப் பழையது போலும். அந்த ஊரில் நான் எத்தனை பட்டா உட்பிரிவு செய்திருப்பேன்! ஒருநாளும் அந்த மரங்களைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் செய்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டில் சொல்லிவைத்த குடைவரை அது. செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாமலிருந்து உயிர் துறந்ததைச் சொல்லும் கல்வெட்டும் அங்கே உண்டு. ஐ என்ற எழுத்து முதன்முதலாகக் காணப்படுவது அந்தக் கல்வெட்டில்தான் என்று படித்திருக்கிறேன். செஞ்சிக் கோட்டையோ 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே ஏறிவிட்டது. ராஜகிரி உச்சிக்கு ஏற எங்களால் முடியாது. கீழே கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டு வருவோம். கிழக்கே போனால் மரக்காணம் உப்பளம், கழுவெளி. கழுவெளியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு போனால் நாரைகளும் கூழைக்கடாக்களும் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிற்கும்.

இவ்வளவையும் பெருமைக்காகச் சொல்லவில்லை. வண்டி ஓட்ட வேண்டாம் என்று மகன் சொன்னபோது எனக்குக் காது கேட்டது என்னவோ, இதெல்லாம் இனி கிடையாது என்றுதான். அதனால்தான் அவ்வளவு கோபம்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திருவக்கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அன்று கூட்டத்தில் நேரமாகிவிட்டது. மாலை ஆறரை இருக்கும். நாலுவழிச் சாலையில் ஏறி, நம் ஊருக்குத் திரும்ப வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், எதிரே வந்த லாரிகளின் வெளிச்சம் கண்ணைக் கூசியது. திடீரென்று மனைவி "ஏங்க, ஏங்க!" என்று கத்தினாள். பிரேக்கை அழுத்தினேன். என் பக்கத்திலேயே எதிர்த்திசையில் ஒரு மொபெட். பின்னால் புல்லுக்கட்டு, முன்னால் விளக்கு இல்லை. அந்த மனிதர் பயத்தில் ஒடித்துச் சாய்ந்துவிட்டார். என் பம்பர் புல்லுக்கட்டில் இடித்து நின்றது. முழங்கையில் சிராய்ப்போடு அவர் தப்பினார். மருந்துக்கடையில் பஞ்சும் மருந்தும் வாங்கிக் கொடுத்து, புல்லையெல்லாம் சேர்த்துக் கட்டிக் கொடுத்தோம். "பெரியவரே, பாத்து வரக் கூடாதா?" என்றார். அவரை நான் கேட்க வேண்டிய கேள்வி அது.

சட்டப்படி தப்பு யார் மேல் என்றால் அவர் மேல்தான். எதிர்த்திசையில் வந்தது அவர். விளக்கில்லாமல் வந்ததும் அவர். வீடு வரும்வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். மனைவி ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பாடு போடும்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "நான் அந்தாளை எப்பவோ பாத்துட்டேங்க. நீங்க பாத்துட்டீங்கன்னுதான் நெனச்சேன்."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. இடது கண்ணில் புரை அறுவை முடிந்தது, வலது கண்ணில் ஆரம்பம். 20 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் 60 வயதுக்காரருக்குப் போகும் என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. இருட்டில் எதிர் வெளிச்சம் பட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் பிடிக்கிறது. இதில் நம் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் தெரிந்துகொண்டே சாயங்காலம் வண்டியை எடுத்தால் அது நம் குற்றம்தான்.

லைசென்ஸ் கையில் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். இப்போதுள்ள சட்டப்படி 55 வயதைத் தாண்டியவர்களுக்கு ஐந்தைந்து வருடமாகத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள். 40 வயதுக்கு மேல் படிவம் 1-ஏ என்ற மருத்துவச் சான்றிதழும் வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் போன வருடம் நான் புதுப்பித்தபோது, சான்றிதழ் கொடுத்த டாக்டர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "நல்லாத்தானே இருக்கீங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கேன் சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தில் உள்ள பொய்யில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. அரசாங்கம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கேட்கட்டும். நாம் வருடத்துக்கு ஒருமுறையாவது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட, பக்கத்து சீட்டில் உட்காருகிறவரைக் கேட்க வேண்டும். அவருக்குத்தான் உண்மை தெரியும்.

ஆக, மகன் சொன்னதில் இந்தப் பாதி சரி. ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி மாலை நாலு மணிக்கு மேல் வண்டியை எடுப்பதில்லை. நாலுவழிச் சாலையைக் குறுக்கே கடக்கும் வழி வேண்டாம், சுற்றினாலும் பரவாயில்லை. மழையில் கிளம்புவதில்லை. வலது கண் அறுவை முடிந்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் பகலில் மட்டும்தான். அதன்பின் ஒருநாள், மனைவி "போதுங்க" என்று சொல்லும் அன்று, சாவியைக் கொடுத்துவிடுவேன். இதை எழுதிவைத்தால்தான் பின்னால் மாற்றிப் பேச மாட்டேன் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

இனி தப்பான பாதி.

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஒரு காலத்தில் பழைய கார் ஒன்றில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை, வடலூர் என்று சுற்றியவர். மூன்று வருடத்துக்கு முன்னால் பிள்ளைகள் பேச்சைக் கேட்டு காரை விற்றார். நல்ல பிள்ளைகள், அக்கறையாகத்தான் சொன்னார்கள். மளிகை வீட்டுக்கே வருகிறது, மருந்து வீட்டுக்கே வருகிறது, பெரிய டிவி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் குறையும் இல்லை. போன ஐப்பசி மழைக்குப் பிறகு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டே இருந்தவர் கேட்டார்: "ஏன் சார், நம்ம ஏரி ரொம்பிடுச்சா?"

ஏரிக்கரை அவர் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது.

என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. உக்ரைன் சண்டை எங்கே நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். நம் ஏரி நிரம்பியதா என்று தெரியவில்லை. காரை விற்ற அன்று அவரிடமிருந்து கார் மட்டும் போகவில்லை. அவர் ஊரே போய்விட்டது.

பிள்ளைகள் செய்யும் தவறு இதுதான். ஓட்டுவது ஆபத்து என்றால் ஓட்டுவதை நிறுத்தச் சொல்லலாம். அதற்குப் பதிலாக வெளியே போவதையே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. நாமும் அந்தத் தவறுக்குத் துணைபோகிறோம். "எதுல போறது, யார் கூட்டிட்டுப் போவாங்க" என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிடுகிறோம். ஸ்டியரிங் பிடித்தால்தான் பயணம் என்று ஒரு வீம்பு, குறிப்பாக நம் ஆண்களுக்கு. என் மனைவி வாழ்நாளில் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பார்த்ததையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

ஜப்பானில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 75 வயதைத் தாண்டியவர்கள் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஞாபக சக்தியைச் சோதிக்கிறார்கள். தாமாகவே லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள், இத்தனை காலம் வண்டி ஓட்டியவர் என்பதற்கு ஒரு சான்று அட்டை வாங்கிக்கொள்ளலாம். அதைக் காட்டினால் பல ஊர்களில் பஸ்ஸிலும் டாக்ஸியிலும் கட்டணச் சலுகை. எனக்குப் பிடித்தது இதுதான். ஓட்டாதே என்று சொல்லி நிறுத்திவிடாமல், பஸ்ஸில் போ என்று வழியும் காட்டுகிறார்கள். முதிய ஓட்டுநர்கள் காரில் ஒட்ட முன்பு ஒரு சின்னம் கொடுத்தார்கள். உதிரும் இலை போல இருக்கிறது என்று பெரியவர்கள் வருத்தப்பட்டதால் 2011-ல் அதையும் மாற்றி, நாலிதழ் இலை வடிவில் வைத்தார்கள். மரியாதை குறையாமல் செய்தால் யாரும் சாவியைக் கொடுப்பார்கள்.

நம் ஊரில் இருப்பதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் மனைவி திண்டிவனம் போய்வர ஒரு காசு செலவில்லை. சென்னையில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் கொடுக்கிறார்கள். அதை ஏன் விழுப்புரம் மாவட்டத்துக்கும் கொடுக்கக் கூடாது? டோக்கன்கூட அப்புறம் இருக்கட்டும். பஸ்ஸின் முதல் படி கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும். பயணியர் நிழற்குடையில் உட்கார ஒரு பெஞ்சு, பக்கத்தில் தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை. நம் வயதுப் பெண்கள் பலர் வெளியே கிளம்பாததற்குக் காரணம் முழங்கால் இல்லை, கழிப்பறைதான். வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருக்கிறார்கள். கிராம சபைக் கூட்டத்தில் ரோட்டையும் தெருவிளக்கையும் கேட்கிறோம். அடுத்த முறை இதையும் எழுந்து நின்று கேளுங்கள். நான் கேட்கப் போகிறேன்.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் "ஓமந்தூரார் ஊரா?" என்று கேட்பார்கள். சென்னையில் ஓமந்தூரார் மருத்துவமனைக்குப் போய்வந்த பலருக்கு அது ஒரு ஊரின் பெயரிலிருந்து வந்தது என்பதே தெரியாது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் சொல்வார்கள். ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. ஜமீன் ஒழிப்பால் ரயத்துவாரிக்கு மாறிய ஊர்களை அளந்தவர்களின் வரிசையில் வந்தவன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் தனி மரியாதை. 1949 ஏப்ரலில் பதவியை விட்டார். விட்டுவிட்டு வீட்டுத் திண்ணையில் உட்காரவில்லை. வடலூருக்குப் போய் வள்ளலார் பணியில் இறங்கினார். 1970-ல் மறையும்வரை அவருக்கு வேலை இருந்தது. நாற்காலியை விட்டவர், நடையை விடவில்லை. கார் ஓட்டும் இருக்கையை விடுவதற்கு நாம் இவ்வளவு யோசிக்கிறோம்.

போன வியாழக்கிழமை நான் காரை எடுக்கவில்லை. ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று பஸ்ஸில் போகலாம் என்றேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வழியில் தலைமை ஆசிரியர் வீட்டுக்குப் போய், "சட்டையப் போட்டுக்கிட்டு வாங்க சார்" என்றேன். "எங்க?" என்றார். "மரக்காணம்." "எதுல?" "பஸ்ஸுல." கால் மணி நேரம் காரணம் சொன்னார். கேட்கவில்லை, கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டோம்.

டவுன் பஸ்ஸில் திண்டிவனம், அங்கிருந்து மரக்காணம் பஸ். அவருக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். இங்கே இருந்த சவுக்குத் தோப்பு எங்கே? இந்தக் கட்டடம் எப்போது வந்தது? தர்ப்பூசணிப் போட்டிருக்கிறார்களே, தண்ணீர் எப்படி? பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்தச் சாலையில் நூறு தடவை கார் ஓட்டியிருக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு குளம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஓட்டுகிறவனுக்கு ரோடு மட்டும்தானே தெரியும்.

உப்பளத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். கடையில் டீ குடித்தோம். மாலைக்குள் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். மூன்று பேருக்கும் கால் வலித்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? பஸ்ஸில் ஏறும்போது இரண்டு இடத்தில் தடுமாறினேன், ஒரு கல்லூரிப் பையன் கை கொடுத்தான். அதில் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இரவு மகனுக்கு நானே போன் செய்தேன். "காரை இப்ப விக்கல. பகல்ல மட்டும் ஓட்டுவேன். விக்கிற அன்னிக்கு நானே சொல்றேன். ஆனா வியாழக்கிழமை போன் பண்ணாதே, நாங்க வீட்ல இருக்க மாட்டோம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரிப்பா" என்றான்.

தலைமை ஆசிரியர் இன்று காலை வந்திருந்தார், நடந்தே. வரும் வழியில் ஏரிக்கரையில் ஏறிப் பார்த்தாராம். "தண்ணி பாதிக்கு மேல இருக்கு சார். அடுத்த வாரம் எங்க?" என்று கேட்டார்.

மயிலம் என்று சொல்லியிருக்கிறேன்.